லாண்டரி மாடிக்கு வந்த மகான்கள்

தம்பி தும்மினால் அக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. இருமினால் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்ப்பாள். அவன் குனிந்து ஷூ லேஸ் கட்டினால்கூட, "மெதுவாடா, மெதுவா" என்று பதறுவாள். அவனோ ஐம்பதைத் தாண்டியவன். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். இரும்பு டூல்பாக்ஸை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவான். "என்னக்கா, என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பாக்குற?" என்று சிரிப்பான்.

கண்ணாடிப் பாத்திரம்தான். சிறுநீரகத்தில் கல் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த ஸ்கேனில் கல்லைக் காணோம். அதற்குப் பதிலாக, வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் பலூன் மாதிரி வீங்கியிருப்பது தெரிந்தது. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. ஆனால் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம், வெடித்தால் ஆஸ்பத்திரி வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். "ஆபரேஷன்லயும் ஆபத்து இருக்கு. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா செய்யாம இருக்கறது அதைவிட ஆபத்து. நாளைக் கடத்தாதீங்க."

"கேட்டுட்டுச் சொல்றேன் டாக்டர்" என்றான் தம்பி. மனைவியிடம் கேட்கப் போகிறான் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். ஆனால் அவன் யாரைக் கேட்கப் போகிறான் என்று அக்காவுக்கு மட்டும் தெரியும்.

பிறவிகளை முடித்துக்கொண்ட மகான்கள் சிலர் மேலே போய்விடாமல், மனிதகுலம் தட்டுத்தடுமாறி நடப்பதைப் பார்த்து மனம் கேளாமல், இங்கேயே எங்கோ தங்கிவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாமல் இருந்து உலகத்தைக் கைபிடித்து நடத்துகிறார்கள். தம்பியும் அக்காவும் சேர்ந்திருந்த சிறிய வட்டத்தின் நம்பிக்கை இதுதான். உலகம் நடக்கிற லட்சணத்தைப் பார்த்தால் அந்த மகான்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஆனாலும் வாரத்தில் ஒரு சாயங்காலம் ஒரு லாண்டரியின் மாடியறைக்கு வர அவர்களுக்கு நேரம் கிடைத்தது. கீழே இஸ்திரி மெஷின் புஸ் புஸ்ஸென்று ஆவி விடும். மேலே பத்துப் பன்னிரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். மகான்கள் பேசுவது அக்காவின் வாய்வழியாக.

அக்கா ஒன்றும் ஜடாமுடி வளர்த்த சாமியார் அல்ல. பல் செட் செய்கிற லேபில் வேலை செய்தாள். ஊர்பேர் தெரியாதவர்களின் வாய் அச்சுகள் அவள் மேஜையில் வரிசையாக இருக்கும். மெழுகில் பல் பல்லாகப் பொருத்தி, கடி சரியாக விழுகிறதா என்று பார்த்து, மெஷினில் கொடுத்து மெருகேற்றுவாள். வட்டத்தில் அவளை எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள், அவளைவிட மூத்தவர்கள் உட்பட.

அவள் நடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கண்ணை மூடி உட்கார்ந்தால் சில நாள் பின்கழுத்தில் ஈரத்துணி போட்ட மாதிரி ஒரு குளிர்ச்சி வரும். அதன்பின் சொற்கள் வரும். அவற்றை அப்படியே வாய்விட்டுச் சொல்வாள். வராத நாளில், "இன்னைக்கு ஒண்ணும் இல்ல" என்று எழுந்துவிடுவாள். எல்லோரும் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அந்தச் சொற்கள் வெளியே இருந்து வருகின்றனவா, தன் மண்டைக்குள்ளேயே முளைக்கின்றனவா என்ற சந்தேகம் அவளுக்கு எப்போதும் உண்டு. தம்பிக்குத்தான் சந்தேகமே கிடையாது.

அதற்குக் காரணமும் இருந்தது. பல வருஷங்களுக்கு முன் ஒரு சாயங்காலம், "நாளை கால் வைக்குமுன் பார்" என்று அவனுக்கு ஒரு சொல் வந்தது. மறுநாள் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கதவைத் திறந்தவன், பழக்கத்தில் உள்ளே கால் வைக்கப் போய், அந்தச் சொல் ஞாபகம் வந்து குனிந்து பார்த்தான். லிஃப்ட் பெட்டி அங்கே இல்லை. கீழே வெறும் இருட்டு. அன்றிலிருந்து சட்டை வாங்குவதென்றாலும் மகான்களைக் கேட்டால் தேவலை என்கிற அளவுக்குப் போய்விட்டான்.

வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கேள்வி எதுவானாலும், பேச உட்காருகிறவர் முதலில் ஒரு கிண்ணத் தண்ணீரில் வலது கையை அமிழ்த்தி, "இதில எனக்கு ஆசை இல்ல" என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். ஆசை இருந்தால் கையை எடுத்துவிட்டு எழுந்துவிட வேண்டும். ஆசை உள்ள வாயில் மகான்களின் சொல் கலங்கிவிடும் என்பது அவர்கள் கணக்கு. அப்படி அக்கா எழுந்தால் அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர் தலைமை. தலைமை என்பது பட்டப்பெயர். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். இன்னும் உலகமே தன் வகுப்பறை என்ற நினைப்பில் இருந்தார். உடம்பில் கத்தி பட்டால் சூட்சும உடலின் இழை அறுந்துவிடும் என்று அவர் பேசாத வாரம் இல்லை. தன் பல்லைக்கூடப் பிடுங்க விடாமல் வீங்கின கன்னத்தோடு மாசக்கணக்கில் திரிந்தவர். அவர் வாய்வழியாக மகான்கள் ஆபரேஷனுக்குச் சம்மதிப்பார்கள் என்று எதிர்பார்ப்பதற்குப் பேசாமல் இருக்கலாம்.

அமர்வுக்கு முந்தின நாள் தம்பியின் மனைவி லேபுக்கே வந்துவிட்டாள். அவளுக்கு மகான்களோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அழுது முகம் உப்பியிருந்தது.

"அண்ணி, நீங்க சொன்னா அவர் கேப்பார்."

"நான் சொன்னாக் கேக்க மாட்டான்மா. அவங்க சொன்னாத்தான் கேப்பான்."

"ரெண்டும் உங்க வாயிலருந்துதானே வருது?"

அக்காவின் கையில் இருந்த மெழுகு இளகி விரலில் ஒட்டிக்கொண்டது. தம்பி மனைவி போனபிறகும் அந்தக் கேள்வி போகவில்லை.

மறுநாள் சாயங்காலம் மாடியறையில் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. தம்பி குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, பெண் பார்க்க வந்தவன் மாதிரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். லாண்டரிக்காரம்மா கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"சொந்தத் தம்பி விஷயம்" என்று தலைமை தொண்டையைச் செருமினார். "உனக்கு ஆசை இருந்தா ஒண்ணும் தப்பில்லம்மா. நான் உட்காருறேன்."

அக்கா தண்ணீரில் கையை விட்டாள். ஆசையா? ராத்திரி பகல் அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. அம்மா போனபின் தலை பின்னிக்கொண்டே அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள், அவன் சாப்பிட்ட தட்டில் மிச்சத்தைத் தின்று வளர்ந்தவள். அவன் இருக்க வேண்டும். அதற்குமேல் அவளுக்கு இந்த உலகத்திடமும் மகான்களிடமும் எந்தக் கோரிக்கையும் இல்லை.

"இதில எனக்கு ஆசை இல்ல" என்றாள்.

தண்ணீர் சும்மா இருந்தது. எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

"நான் இந்த ஆபரேஷனைச் செஞ்சுக்கலாமா?" என்று தம்பியின் குரல் கேட்டது.

அவள் தீர்மானித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். குளிர்ச்சி வராவிட்டால் தானே சொல்லிவிடுவது. வந்தால் அவர்களும் அதையே சொல்வார்கள் என்று நம்புவது. குளிர்ச்சி வந்தது. எப்போதும் இல்லாத வேகத்தில், ஐஸ் வைத்த மாதிரி வந்தது. அதன்பின் சொல்லும் வந்தது. லிஃப்டைப் பற்றி வந்தபோது எப்படித் தெளிவாக வந்ததோ அதே தெளிவில்.

இப்போது வேண்டாம்.

அக்கா கண்ணைத் திறந்துவிட்டாள். வட்டத்தின் சரித்திரத்தில் பேச உட்கார்ந்தவர் யாரும் செய்யாத காரியம் அது. எதிரே தம்பி முழங்காலில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. வயிற்றின்மேல் இருந்த சட்டைப் பொத்தானைப் பார்த்தாள். மூச்சுக்கு மூச்சு அது ஏறி இறங்கியது. அதற்குக் கீழேதான் அந்தப் பலூன் இருக்கிறது.

"செய்துகொள்" என்றாள் பொத்தானைப் பார்த்து. "தாமதிக்காதே."

அறையில் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். தலைமை மட்டும் புருவத்தை நெரித்தார். தம்பி எழுந்து, அக்காவின் காலைத் தொட்டான். மகான்களுக்குச் செய்த மரியாதை அது. அவளுக்குக் காலைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். தம்பி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு அலைந்தான். டாக்டரிடமே, "கவலைப்படாதீங்க டாக்டர், நமக்கு மேலிடத்து சிபாரிசு இருக்கு" என்றான். அவர் அமைச்சர் யாரையோ சொல்கிறான் என்று நினைத்து முகம் சுளித்தாராம். அவன் மனைவி முதல் தடவையாக அக்காவைக் கட்டிப்பிடித்து, "உங்க மகான்கள் நல்லவங்கதான் அண்ணி" என்றாள்.

அக்கா மட்டும் வெந்துகொண்டிருந்தாள். லிஃப்ட் விஷயத்தில் சரியாகச் சொன்னவர்கள் இதில் மட்டும் தப்பாகச் சொல்வார்களா? வேண்டாம் என்றார்களே, ஆபரேஷன் மேஜையிலேயே அவன் போய்விடுவான் என்பதாலா? அப்படிப் போனால் பிடித்துத் தள்ளியது யார்? ஒருவேளை அது அவர்கள் சொல்லே இல்லை, என் பயம்தான் அவர்கள் குரலில் பேசியதோ? அப்படியென்றால் இத்தனை வருஷமாகப் பேசியது யார்? சோறு இறங்கவில்லை. லேபில் ஒரு பெரியவரின் பல் செட்டில் இடது பக்கப் பல்லை வலது பக்கம் வைத்துவிட்டாள். "இதை மாட்டினா மனுஷன் தன் கன்னத்தையே மென்னு தின்னுடுவாரு" என்று லேப் முதலாளி கத்தினார். அவள் தலையைக் குனிந்து மெழுகைச் சுரண்டினாள்.

ஆபரேஷன் அன்று காலை தம்பியைப் பச்சை அங்கியில் தள்ளுவண்டியில் படுக்க வைத்து, தியேட்டருக்கு வெளியே நடையில் நிறுத்தியிருந்தார்கள். ஒரு கையில் ஊசி குத்தி டியூப் மாட்டியிருந்தது. மனைவி கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள். அக்கா அவன் தலைமாட்டில் நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"பேசாத. அப்புறம் கேளு."

"அன்னைக்கு நான் கண்ணை மூடல."

அக்கா தள்ளுவண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருந்துச்சு. அதான் உன் முகத்தையே பாத்துட்டு இருந்தேன். நீ கண்ணைத் தொறந்த. என் பட்டனைப் பாத்துட்டே சொன்ன. அவங்க பேசறப்ப நீ ஒருநாளும் கண்ணைத் தொறந்ததில்லயேக்கா. பரவால்லன்னு விட்டுடலாம்னு பாத்தேன், முடியல." அவன் குரல் தணிந்தது. "அவங்க நிஜமா என்ன சொன்னாங்க? வேண்டாம்னு சொல்லியிருந்தா சொல்லிடு. இப்பவே இறங்கிடுறேன்."

சொன்னபடியே டியூப் இல்லாத கையால் பக்கக் கம்பியைப் பிடித்துவிட்டான். இந்த மனிதனுக்கு அசட்டுத் துணிச்சல் சின்ன வயதிலிருந்தே உண்டு. எழுந்தான் என்றால் அங்கியோடு தெருவுக்கே போய்விடுவான்.

அவர்கள் சரி என்றுதான் சொன்னார்கள் என்றால் நம்ப மாட்டான், கண்ணால் பார்த்துவிட்டான். உள்ளதைச் சொன்னால் இறங்கிவிடுவான். இரண்டும் இல்லாமல் மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

"யாரும் ஒண்ணும் சொல்லலடா."

"அன்னைக்கா?"

"என்னைக்குமே."

அவன் புரியாமல் பார்த்தான். "ஒண்ணும் வரலன்னா வரலன்னுதானே சொல்லுவ?"

"அதுவும் சேத்துத்தான். அப்பப்ப அப்படிச் சொன்னாத்தானே மத்ததை நம்புவீங்க." எங்கிருந்து இவ்வளவு சரளமாக வருகிறது என்று அவளுக்கே திகிலாக இருந்தது.

"அப்ப அந்த லிஃப்ட்?"

"நீ லிஃப்ட் மெக்கானிக். பாத்துக் கால் வைன்னு உன்கிட்ட யார் வேணா சொல்லலாம்."

தம்பி கம்பியிலிருந்து கையை எடுத்தான். எழுந்திருக்க அல்ல. கைக்கு வலுவில்லாமல் அது தானாகவே விழுந்தது. கூட்டத்தில் அம்மா கையை விட்ட பிள்ளையின் முகம் அவனுக்கு வந்துவிட்டது. "ஒருத்தருமே இல்லயா?" என்றான்.

"நான் இருக்கேன்டா. எனக்கு ஆசை. கிண்ணத்துல கையை வெச்சுக்கிட்டுப் பொய் சொன்னேன். நீ இருக்கணும்னு ஆசை. டாக்டர் சொன்னதை நம்பு. போய்ட்டு வா."

உதவியாளர் வந்து வண்டியைத் தள்ளினார். தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. கதவு இரண்டு பக்கமும் ஆடி மூடிக்கொண்டது.

அந்தக் காத்திருப்பைப் போல ஒன்றை அக்கா அதற்கு முன்னும் அனுபவித்ததில்லை, பின்னும் இல்லை. அவன் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கையையும் தட்டிவிட்டு உள்ளே அனுப்பியிருக்கிறாள். அவன் திரும்பாவிட்டால், ஒருத்தருமே இல்லை என்ற நினைப்போடு போனவனாகிவிடுவான். தம்பி மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, "மகான்கள்தான் சொல்லிட்டாங்களே அண்ணி, ஏன் இப்படி நடுங்குறீங்க?" என்று முதுகைத் தடவினாள். அக்கா கண்ணை மூடிக் கூப்பிட்டுப் பார்த்தாள். தனக்கென்று அவர்களை அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கழுத்து வியர்த்திருந்தது. குளிர்ச்சி வரவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தாள். யாரோ வாளி எடுத்துக்கொண்டு வருவார்கள். மறுபடி உட்கார்ந்தாள்.

கடைசியில் டாக்டர் வந்தார். முகமூடியைக் கழற்றிக்கொண்டே, "நல்லா இருக்கார்" என்றார். "குழாய்ச் சுவர் காகிதம் மாதிரி ஆயிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா தாங்கியிருக்காது." தம்பி மனைவி ஓவென்று அழுதாள். அக்காவும் அழுதாள். அழுதுகொண்டே, அப்படியானால் வேண்டாம் என்றது யார், ஏன், என்று யோசித்தாள். அதை டாக்டரிடம் கேட்க முடியாது.

அடுத்த அமர்வில் அவள் கிண்ணத்தில் கை வைக்கவில்லை. "போன தடவை எனக்கு ஆசை இருந்தது. இருந்தும் உட்காந்தேன்" என்று நின்றபடியே சொன்னாள். கிண்ணத்தில் கைவைத்துப் பொய் சொன்னவர் வழக்கப்படி இனி அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. லாண்டரிக்காரம்மா அழுதாள். தலைமை உட்கார்ந்தார். இப்போதெல்லாம் எந்த வாரமும் சொல் வராமல் போவதில்லை என்று கேள்வி, அதுவும் விளக்கவுரையோடு.

தம்பி அந்தப் பக்கம் போகவே இல்லை. அக்காவைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. உடம்பு தேறி, வேலைக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் லேபுக்கு வந்தான். மெலிந்திருந்தான். ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பல் அச்சை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கோவம் இல்லக்கா. நீ சொன்னதாலதான் உசுரோட இருக்கேன்."

"சரிடா."

"ஆனா லிஃப்ட் ஷாஃப்டுக்குள்ள இறங்குறப்ப முன்னெல்லாம் மேல யாரோ பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு ஒரு இது இருக்கும். இப்ப நினைச்சுப் பாக்குறேன். இந்தக் கயிறு, என் கை. வேற ஒண்ணும் இல்ல."

"பயமா இருக்கா?"

"ம்" என்றான். பிறகு அச்சை வைத்துவிட்டு, அவள் தலையை அண்ணன்போலத் தடவிக் கொடுத்தான். "பாவம் நீ. எத்தனை வருஷம். இனிமே யாருக்காகவும் நடிக்க வேண்டாம்."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். அதைச் சொன்னால் அவனுக்கு அவர்கள் திரும்பக் கிடைப்பார்கள். கூடவே, வேண்டாம் என்ற அவர்கள் சொல்லும் கிடைக்கும். அப்புறம் ஒவ்வொரு வலிக்கும் காய்ச்சலுக்கும் அவன் லாண்டரி மாடி ஏறுவான். அங்கே தலைமை உட்கார்ந்திருப்பார்.

"சரிடா" என்றாள் அக்கா.

அவன் வாசல் பக்கம் திரும்பியபோது அவள் பின்கழுத்தில் ஈரத்துணி விழுந்தது. இத்தனை நாள் வராதது. பழைய அன்போடு, ஒன்றுமே நடக்காத மாதிரி, சொல் வரத் தொடங்கியது. நாளை அவன்...

அக்கா மெருகு மெஷினின் சுவிட்சைப் போட்டாள். அறை முழுக்க இரைச்சல் நிறைந்தது. கையில் கிடைத்த பல் செட்டைச் சக்கரத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, "பாத்துக் கால் வைடா!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

அவன் வாசலில் நின்று திரும்பினான். "அதை யார் வேணா சொல்லலாம்!" என்று பதிலுக்குக் கத்தினான். அவன் சிரித்தது ஆஸ்பத்திரிக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

அவன் படியிறங்கிப் போய் வெகுநேரம் ஆகியும், கழுத்தில் சூடு திரும்பும்வரை, அவள் மெஷினை நிறுத்தவில்லை.